ஐம்பது வினாடிச் சிலை

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் நாலு வயசுப் பையன் ஒருவன் என் கையைக் கடித்துவிட்டான். தப்பு அவனுடையதில்லை. இரண்டு கருமணிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தால்தான் மூக்குக்கண்ணாடி செய்ய முடியும். அளப்பதற்கு அவன் அரை நிமிஷம் ஆடாமல் இருக்க வேண்டும். வாண்டுகளுக்கு அரை நிமிஷம் என்பது ஆயுள் தண்டனை. கடைசியில் என் பழைய வித்தையைத்தான் எடுத்தேன். "சிலை!" என்றேன். பையன் விறைத்து நின்றான். அளந்தேன். "உயிர்!" என்றேன். துள்ளிக் குதித்து ஓடினான்.

இந்த விளையாட்டு என் வீட்டிலும் உண்டு. சுண்டெலிக்கு எட்டு வயசு. என் ஒரே மகள். நடக்கும்போது சத்தமே வராது, அதனால் சுண்டெலி. 'சிலை' என்று யார் முதலில் சொல்கிறார்களோ, மற்றவர் அப்படியே நிற்க வேண்டும். 'உயிர்' சொன்னால்தான் அசையலாம். பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வாயில் நுரை தள்ள நான் நின்றிருக்கிறேன். அவள் அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டுல எது குழந்தைன்னு தெரியல" என்பாள்.

மார்ச் 6, வெள்ளி

மச்சான் மூன்று மாதம் காதலித்துக் கைவிட்ட கேமரா இப்போது என்னோடு குடித்தனம் நடத்துகிறது. ஆறு மாதம் ஆகிறது. இதுவரை நான் எடுத்த படங்களில் உருப்படியானது எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டை ஒன்றுதான். அதுவும் காற்றில்லாத நாள்.

போட்டோ ஸ்டூடியோ வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பதினாலாம் தேதி ஆற்றங்கரையில் நகரசபையின் வாணவேடிக்கை. அதைப் புதுவிதமாகப் படம் எடுப்பவர்களுக்குப் போட்டி. ஸ்டூடியோக்காரரிடம் யோசனை கேட்டேன். மனிதர் மீசையை நீவிக்கொண்டே, "வானத்தை எல்லாரும் எடுப்பான்யா. வானம் எங்கயும் ஓடிப் போகாது. கீழ ஒரு ஆளை நிறுத்து. அப்பத்தான் அது படம். இல்லன்னா அது வெறும் புகை" என்றார்.

இன்னொரு வித்தையும் சொன்னார். கேமராவின் கண்ணைத் திறந்தபடியே விட்டுவிட வேண்டும். முன்னால் ஒரு கறுப்பு அட்டையை மூடி வைத்திருக்க வேண்டும். வாணம் வெடிக்கும்போது மட்டும் அட்டையை விலக்கி, அணைந்ததும் மூட வேண்டும். இப்படி நாலு வாணத்தை ஒரே படத்தில் பிடித்துவிடலாம். அட்டைக்கு நான் எங்கே போவேன்? மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மூடி இருக்கிறதே! உள்ளே கறுப்பு வெல்வெட். கடை வேலையில் முதல்முறையாக எனக்கு ஒரு கூடுதல் லாபம்.

மார்ச் 8, ஞாயிறு

விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னலில் போர்வை கட்டி, கூடத்தில் ஒத்திகை. சுண்டெலிதான் வாணம். கையில் டார்ச்சோடு தரையிலிருந்து மெல்ல எழும்பி, நாற்காலிமேல் ஏறி, கையை விரித்துச் சுழற்றுவாள். நான் மூடியைத் திறந்து மூடுவேன். வெடிக்கும் சத்தத்தை மட்டும் அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"சத்தம் போடேன், டமார்னு."

"இது சத்தமில்லாத வாணம்ப்பா. இதுன்னா எனக்குப் பிடிக்கும்."

படத்தில் அவள் இல்லை. வெளிச்சக் கோடு மட்டும் பூ மாதிரி விரிந்து நிற்கிறது. ஆடிக்கொண்டே இருப்பவரைக் கேமரா கண்டுகொள்வதில்லை. பிறகு அவளைச் சிலையாக்கி, நான் டார்ச்சை அவளைச் சுற்றி ஓட்டினேன். அச்சு அசலாக விழுந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த பழைய லென்ஸ்களையும் கேமரா முன் பிடித்துப் பார்த்தோம். சிதறல் பார்வைக்குப் போடுகிற சிலிண்டர் லென்ஸ் வழியாக எடுத்தால் வெளிச்சப் புள்ளி நீண்டு மழைக்கோடாகிவிடுகிறது. முதலில் மங்கலாக வைத்து, வெடித்தபின் மெதுவாகத் தெளிவாக்கினால் கோடு ஒவ்வொன்றும் முனையில் கூராகி, அடியில் இதழ் மாதிரி தடிக்கிறது.

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. நல்ல ஞாயிறு.

மார்ச் 12, வியாழன்

சனிக்கிழமை சுண்டெலியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட். வரவேற்பு மேஜையில் அவளை விட்டால் ஆளில்லை. கிளம்பும்போது இன்றைக்கே சொல்லி வைத்தாள்.

"என்னங்க, சனிக்கிழமை வெடிக்கிற நேரத்துல சுண்டெலிய உள்ள வச்சுக்கோங்க. ஜன்னல மூடிடுங்க. போன வருஷம் கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துட்டா, ஞாபகம் இருக்கில்ல?"

"நான் இருக்கேன், பாத்துக்கறேன்."

"நீங்க இருக்கீங்க, அதான் சொல்றேன்."

மார்ச் 14, சனி

எடுத்துவிட்டேன்! கை இன்னும் பரபரக்கிறது.

மொட்டைமாடியில் கேமராவின் முக்காலியைப் போட்டு, மூடியைக் கையில் பிடித்து நின்றபோது எனக்கே என்னைப் பார்த்து மரியாதை வந்துவிட்டது. காற்று ஆற்றை நோக்கி வீசியது. புகை எங்கள் பக்கம் வராமல் அந்தப் பக்கமாகப் போனது. சுண்டெலி கைப்பிடிச் சுவர் ஓரமாக, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். காதில் பஞ்சு வைத்துத்தான் கூட்டிப் போனேன். கொஞ்ச நேரம்தான் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். "சிலை!" என்றேன். நின்றாள்.

பதினெட்டு நிமிஷம். பத்து வினாடியிலிருந்து ஐம்பது வினாடி வரை இருபத்திரண்டு படம். அதில் ஒன்று, அடடா! நாலு வாணம் ஒன்றன்மேல் ஒன்றாக, கடைசியாக விரிந்தது இதழ் இதழாக. அடியில் அவள், கறுப்பாக, கத்தரித்து ஒட்டினமாதிரி. இரண்டு கையும் தலைக்கு உயர்ந்து, முழங்கை இரண்டும் இறக்கை மாதிரி.

கவுனில் தண்ணீர் பாட்டிலைக் கொட்டிக்கொண்டாள். மாற்றிவிட்டுப் படுக்க வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பாட்டில் மூடியிருந்தது. நிறைய இருந்தது. காலையில் அதைக் கீழே எடுத்துவந்தபோது பார்த்தேன்.

வேறொன்றும் இல்லை. பார்த்ததை எழுதினேன்.

மார்ச் 20, வெள்ளி

படத்தைக் கொடுத்தாயிற்று. ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீயா எடுத்தே?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தலைப்பு வேணும்யா. என்ன போட?"

யோசிக்கவே இல்லை. "வியப்பு" என்றேன். கையைத் தலையில் வைத்து வானத்தைப் பார்க்கிற பிள்ளை. வேறென்ன?

வேறென்ன என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

காலையில் சுண்டெலி தலைவாரிக்கொண்டிருந்தாள். "சிலை!" என்றேன். சீப்பை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். வயசாகிறதல்லவா, விளையாட்டு சலித்திருக்கும்.

எட்டு வயசு.

ஏப்ரல் 11, சனி

முதல் பரிசு.

நூலகக் கூடத்தில் வரிசையாகப் படங்களை மாட்டியிருந்தார்கள். என்னுடையது நடுவில், தனி விளக்கோடு. என் மனைவி புதுச் சேலை கட்டியிருந்தாள். முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பதினேழு வருஷத்தில் என் கல்யாணத்துக்குக்கூட அவர் கடையைப் பூட்டியதில்லை. சுண்டெலி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுவர் தாடி வைத்த மனிதர், பெரிய கலைஞராம். ஒலிபெருக்கியில் கேட்டார்: "இது எத்தனை வினாடிப் படம்?"

"ஐம்பது வினாடிங்க."

"ஐம்பது வினாடி! பெரியவங்களே அஞ்சு வினாடி நிக்க மாட்டாங்க. இந்தக் குழந்தை கடுகளவு அசையல. எப்படிச் சாதிச்சீங்க?"

எனக்கு ஒலிபெருக்கி கிடைத்தால் வாய் சும்மா இருக்காது என்று எனக்கே இன்றுதான் தெரியும். "எங்க வீட்ல நான் சொன்னா கேக்கறது இவ ஒருத்திதாங்க" என்றேன்.

கூடமே சிரித்துக் கைதட்டியது. முதலாளி விசில் அடித்தார். நானும் சிரித்தேன். சுண்டெலியின் கை என் கைக்குள்ளேயே இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை. மரக்கட்டை மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரையோ பார்ப்பது மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சுண்டெலியைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கேடயத்தை நான்தான் சுமந்துவந்தேன். சின்னதுதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு. நேத்து நீங்க மைக்ல பேசினதுக்கப்புறம் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்த எனக்கு மனசில்ல."

"என்ன சத்தியம்?"

"கவுன்ல கொட்டினது தண்ணியில்லன்னு."

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். "அப்படியா?" என்றேன். அப்படியா! வாயில் பொய் எவ்வளவு பழக்கமாக உட்காருகிறது.

"அப்பாகிட்ட சொன்னா, தன் படம் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு வருத்தப்படுவாருன்னு சொன்னா. பதினெட்டு நிமிஷமும் நின்னிருக்கா. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடுதாம், ஆனா அசையக் கூடாதே. 'அப்பா உயிர்னு சொல்லவே இல்லம்மா'ன்னா. நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை.

கடையில் பதினேழு வருஷம். ஊரான் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்காவது 'உயிர்' சொல்ல மறந்திருக்கிறேனா? என் கையைக் கடித்தவனுக்குக்கூடச் சொன்னேனே.

அதே நாள், மதியம்

மார்ச் 14 குறிப்பில் பொய் இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பக்கத்தைப் புரட்டினேன். அடிக்கவில்லை. இருக்கட்டும். பக்கத்திலேயே உண்மையை எழுதுகிறேன்.

கவுனை மாற்றும்போது கையில் சூடாக இருந்தது. பாட்டில் தண்ணீர் சூடாக இருக்காது. எனக்கு அப்போதே தெரியும். "தண்ணி கொட்டிடுச்சுப்பா" என்று அவள் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதி! எட்டு வயசுப் பிள்ளை அப்பனுக்காக ஒரு பொய் சொல்லுகிறது, நாற்பத்திரண்டு வயசு அப்பன் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறான்.

இன்னொன்று. கேமராவின் கண் திறந்திருக்கும் நேரம் முழுக்க, அதன் வழியாகப் பார்க்கிறவனுக்கு இருட்டுதான். அதனால் பார்க்கவில்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு படம் முடிந்ததும் பின்னால் உள்ள சின்னத் திரையில் அவளைப் பெரிதாக்கிப் பார்த்தேனே? இருபத்திரண்டு தரம். எதற்கு? அசைந்து மங்கலாகிவிட்டாளா என்று. முழங்கை கூராக விழுந்திருக்கிறதா என்று. அந்தக் கை எதைப் பொத்திக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

காதையடா. காதைப் பொத்திக்கொண்டிருக்குடா, மடையா. அதுக்கு நீ வியப்புன்னு பேர் வச்சே.

ஏப்ரல் 13, திங்கள்

கடையில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். எல்லாக் கையும் சூடாக இருந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

நாலு நாள் ஒத்திகை பார்த்தேன், என்ன சொல்லுவது என்று. சாயங்காலம் சுண்டெலி பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. ஒரே வார்த்தைதான் வந்தது.

"உயிர்" என்றேன்.

பென்சில் நின்றது. கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். பெரிய மனுஷி மாதிரி என்னைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்குப்பா? அது அன்னிக்கே முடிஞ்சிருச்சு."

"நான் சொல்லலையேம்மா."

"நீங்க சொல்லல. கீழ வந்து படுத்தப்புறம் நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

மறுபடி எழுத ஆரம்பித்தாள். ஏழாம் வாய்ப்பாடு. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று எழுதினாள், சரிதான். எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் கேட்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. ஒன்றை மறக்கிறவன் எல்லாவற்றையும் மறப்பான் போலிருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

கேட்டேன். "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "ம்" என்றாள். 'ம்' என்றால் என்ன? என் அகராதியில் அதற்கு அர்த்தம் இல்லை. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 25, சனி

முதலாளி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கடையில் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கண் பரிசோதிக்க வருகிறவர்கள் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் படிக்கிறார்கள். "நம்ம கடைப் பையன் எடுத்தது" என்கிறார். நாற்பத்திரண்டு வயசில் பையன் ஆகிவிட்டேன்.

இன்று ஒரு அம்மாள் படத்தைப் பார்த்து, "எவ்வளவு சந்தோஷமா நிக்குது பாருங்க குழந்தை" என்றாள். நான் கையிலிருந்த லென்ஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், ஓரம் உடைந்துபோனது. பத்து வருஷத்துக்கு அப்புறம் உடைத்த லென்ஸ்.

கடை மூடும் நேரத்தில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவுன் உட்பட.

"அட விடுய்யா, பிள்ளைங்கன்னா அப்படித்தான். நாளைக்கு மறந்துரும்."

"அவ மறந்துருவாங்க. அதான் பயமா இருக்கு. நான் சொன்னா எதுவும் தாங்கிக்கணும்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குவா."

 முதலாளியே ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினார். ஆணி மட்டும் நிற்கிறது. திங்கட்கிழமை அதில் நாட்காட்டி மாட்டலாம் என்றார்.

மே 9, சனி

தாடிக்கார நடுவர் போனில் கூப்பிட்டார். அடுத்த மாதம் புதுப் பாலத்துக்குத் திறப்பு விழா, அன்றும் வாணவேடிக்கை. சுவரொட்டிக்கு என் படம் வேண்டுமாம். ஊர் முழுக்க ஒட்டுவார்களாம். என் பெயரும் போடுவார்களாம்.

"படத்துல இருக்கறவங்கள கேட்டுச் சொல்றேன்" என்றேன். சிரித்தார், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று. என் வாழ்க்கையில் வேடிக்கை பேசாத ஒரே வாக்கியம்.

சுண்டெலியைக் கேட்டேன்.

"எல்லா சுவத்துலயுமா?"

"ஆமா."

"ஸ்கூல் சுவத்துலயும்?"

"ஒட்டினாலும் ஒட்டுவாங்க."

"வேணாம்ப்பா." கொஞ்சம் கழித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு வேணும்னா பரவாயில்ல" என்றாள்.

இதுதான் என்னைக் கொன்றது. மறுபடியும் நிற்கத் தயாராகிறாள்.

"எனக்கு வேணாம்" என்றேன். வேண்டும் என்ற ஆசை அந்த நிமிஷத்திலும் ஓரமாக இருந்தது. ஊர் முழுக்க என் பெயர். இங்கே பொய் எழுத மாட்டேன் என்று வைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

திரும்பக் கூப்பிட்டு முடியாது என்றேன். காரணம் கேட்டார்.

"அது வியப்பு இல்லீங்க. புள்ள பயத்துல காதைப் பொத்திக்கிட்டு நிக்குது."

 "இதை ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார்.

"கைதட்டினீங்க" என்றேன்.

மே 16, சனி

நூலகக் கூடத்துக்குப் போய்ப் படத்தை வாங்கிவந்தேன். காவலாளி, "பரிசு வாங்கின படத்த கழட்டற முதல் ஆள் நீங்கதான்" என்றார். அதிலும் முதல் பரிசு. சுண்டெலியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கட்டிலுக்கு அடியில், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். போன வருஷம் அவள் போய் உட்கார்ந்த அதே மூலை.

கேடயத்தை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளினேன். மனைவி அதை முன்னால் இழுத்து வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும். தினம் பாருங்க."

ஜூன் 2, செவ்வாய்

சனிக்கிழமை வாணவேடிக்கை. மனைவிக்கு அன்றும் மாலை ஷிப்ட். போகும்போது இந்தத் தடவை எதுவும் சொல்லி வைக்கவில்லை. சொல்லாததுதான் அதிக கனம்.

ஜூன் 6, சனி

ஏழு மணிக்கே ஜன்னலைச் சாத்தி, கண்ணாடி வழியாக வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் திரையை விலக்கி, சந்திலெல்லாம் துணியைத் திணித்தேன். கேமராவை வெளியே எடுக்கவில்லை. சீட்டுக்கட்டு எடுத்து வைத்தேன்.

முதல் வெடிக்குச் சுண்டெலி என் மடிக்குள் வந்துவிட்டாள். நாலாவதற்குத் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். சத்தம் பாதிதான் வந்தது. கண்ணாடியில் வெளிச்சம் மட்டும் பச்சையாக, சிவப்பாக வழிந்தது.

"கேமரா எங்கப்பா?"

"அது எதுக்கு இப்ப?"

"எடுத்துட்டு வாங்க. மூடியும்."

முக்காலியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினேன். மூடியை அவள் வாங்கிக்கொண்டாள். கறுப்பு வெல்வெட்டைக் கேமராவின் முகத்தில் சாத்திப் பிடித்தாள். "நான் எப்பத் திறக்கணும்னு நீங்க சொல்லக் கூடாது. எனக்குப் பிடிச்சதுக்கு மட்டும் திறப்பேன்."

"சரி."

"நீங்க ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க. கீழ ஒரு ஆள் வேணுமில்ல?"

போனேன். வெளியே பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"சிலை!" என்றாள். மூன்று மாதத்துக்கு அப்புறம்.

நின்றேன். பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. தலைக்கு மேல் ஒன்று வெடித்தது; ஜன்னல் அதிர்ந்தது. மூக்கு அரித்தது. உடம்பின் பாரம் தானாக இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறியது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவள் அங்கேதான் இருக்கிறாளா என்று. திரும்ப முடியாது. இப்படித்தான் இருந்திருக்குமா? இல்லை. நான் நாற்பத்திரண்டு; வெடிச்சத்தத்துக்குப் பயமில்லாதவன். இது அதில் கால்வாசிகூட இருக்காது. விழா முடிகிறவரை என்னை நிறுத்தி வைப்பாள் என்று நினைத்தேன். நிறுத்தினால் நியாயம். நின்றிருப்பேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"உயிர்!" என்றாள். அவசர அவசரமாக. பிறகு இன்னொரு தரமும், எனக்குக் கேட்கவில்லையோ என்று ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, உயிர்! சொல்லிட்டேன்!"

படத்தை இரண்டு பேருமாகப் பார்த்தோம். வாணம் இரண்டுதான். மற்றதற்கெல்லாம் அவள் திறக்கவில்லை. அடியில் தொந்தியோடு ஒரு கறுப்பு உருவம், விளிம்பெல்லாம் கலங்கி இரண்டாகத் தெரிகிறது.

"நீங்க அசைஞ்சுட்டீங்கப்பா" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"பரவாயில்ல" என்றாள்.